பேசாத விளக்குகள்

எங்கள் டெலிபோன் இலாகா ஓய்வுபெற்றோர் கூட்டத்து மலரில் போன வருஷம், எங்கள் மேலதிகாரியாக இருந்த மேடத்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். நல்ல படம். அதற்குக் கீழே நாலு வரி. பேசாத அழைப்புகளைச் சமாளிக்கும் முறையைக் கண்டுபிடித்து ஊர்த் தொலைபேசியைக் காப்பாற்றியவர் என்று எழுதியிருந்தது. அந்த நாலு வரியில் ஒரு வரி தப்பு. இந்த வருஷ மலருக்கு என்னையும் எழுதக் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு வரி போதும்மா" என்றார் செயலாளர். ரெண்டு வரியில் இது அடங்காது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும், எனக்கு வேறு வேலை இல்லை. அடுத்த வீட்டு மகேஸ்வரி பிழை திருத்தித் தருகிறாள். கொம்பு, கால், புள்ளி இவற்றைத் தொடலாம், வாக்கியத்தைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்திருக்கிறேன்.

எழுதத் தூண்டியதும் அவள்தான். அவளுக்குக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு சனிக்கிழமை கண் சிவந்து வந்து நின்றாள்.

"என்னடி, அழுதியா?"

"இல்ல பெரியம்மா. மூணு நாளா ஆபீஸ்ல ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்தோம்."

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் நடத்துகிற ஒரு பெரிய புரோகிராம் இருக்கிறதாம். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், அது உடனே ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டு, நீ சொல்லு என்று காத்திருக்குமாம். கூப்பிட்டவன் ஒன்றும் சொல்ல மாட்டானாம். இப்படி ஆயிரம் பேர் கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் இடமெல்லாம் தீர்ந்துபோய், நிஜமாகவே வேலையாக வந்தவன் வாசலில் நிற்பானாம். அந்த ஓட்டையைத்தான் அடைத்தார்களாம்.

"புரியுதா பெரியம்மா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நோயை நான் பார்த்தபோது மகேஸ்வரியின் அம்மாவே தவழ்ந்துகொண்டிருந்தாள்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. தோட்டத்தை விட்டு நானும் என் வீட்டுக்காரரும் மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட மலாக்கா செட்டிகளின் வீடு ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுப் பெண் மீனாட்சி. பெயர் மீனாட்சி, நெற்றியில் திருநீறு, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயா சட்டை, வாயைத் திறந்தால் மலாய். சாமி பெயர்களைத் தவிர அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். என்னை "காக்" என்று கூப்பிடுவாள். மலாயில் அக்கா என்று அர்த்தம்.

"எங்க ஊர்ல காக்காதான்டி அப்படிக் கத்தும்" என்பேன்.

"காக்காவுக்கு அக்கா இருந்தா அப்படித்தானே கூப்பிடும்" என்பாள். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மீனாட்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவள் சொல்லித்தான் எனக்கு அங்கே துடைக்கும் வேலை கிடைத்தது. எக்ஸ்சேஞ்சின் பெயரையும் தெருவையும் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

துடைப்பது என்றால் தரையை மட்டும் அல்ல. போர்டின் பித்தளைகள் அத்தனையும் என் பொறுப்பு. போர்டு என்பது நிமிர்ந்து நிற்கும் ஒரு மரச்சுவர். அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒரு துளை ஒரு வீடு, அல்லது ஒரு கடை. ஒவ்வொரு துளைக்கும் கடலைப் பருப்பு அளவில் ஒரு விளக்கு. ஊரில் ஒருவர் போனை எடுத்தால் அவருடைய விளக்கு எரியும். மேசைமேல் ஜோடி ஜோடியாகக் கயிறுகள், நுனியில் பித்தளை பிளக். மற்றவர்கள் கோர்டு என்பார்கள், நான் கயிறு என்றே சொல்வேன். ஒரு ஜோடியின் பின்பக்கத்துக் கயிற்றை எடுத்து எரிகிற துளையில் செருகினால் அந்த விளக்கு அணையும். சாவி என்கிற சின்னக் குமிழை முன்னால் தள்ளி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். நம்பரைச் சொன்னதும் முன் கயிற்றை எடுத்து அந்த நம்பரின் துளை விளிம்பை பிளக்கின் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். காதில் "டக்" என்றால் அங்கே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் இல்லையென்றால் உள்ளே தள்ளி மணி அடிக்கலாம். பேசி முடித்து இரண்டு பக்கமும் போனை வைத்த பிறகு, அந்த ஜோடியின் அடியில் இரண்டு சின்ன விளக்குகள் எரியும். அப்போதுதான் கயிற்றை இழுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துடைக்கிறவளுக்கு முன்னால் எல்லோரும் எல்லாவற்றையும் செய்வார்கள். பார்த்துக்கொண்டே துடைத்தேன்.

போர்டில் நான் உட்கார்ந்தது நம் ஆட்களால்தான். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். போனை எடுத்து "குப்புசாமியைக் கூப்பிடு" என்பார். மீனாட்சி "நம்பர் ப்ளீஸ்" என்பாள். "நம்பர் எனக்கு எதுக்கு? குப்புசாமி, மூணாவது கடை, கண்ணாடி போட்டிருப்பாரு" என்று தமிழில் கத்துவார். இவளுக்கு ஒன்றும் புரியாது. நான் துணியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து, "அவருக்கு நூத்துப் பதினேழு" என்பேன். எந்தத் துளை யாருடையது என்று என் விரலுக்கே தெரியும். தினமும் துடைத்த துளைகள். இதைக் கவனித்த மேடம் ஒரு நாள் மூன்றாவது நாற்காலியைக் காட்டி, "உட்கார்" என்றார். ஆறு வாரத்தில் கை பழகிவிட்டது. வெளியூர் அழைப்புகளுக்குச் சீட்டு எழுத வேண்டும், அது எனக்கு வராது. அதனால் உள்ளூர் மட்டும்.

மேடம் யூரேசியர், வெள்ளைக்காரர் கலப்பில் வந்த வம்சம். மார்பில் தலைகீழாக ஒரு கடிகாரம் குத்தியிருப்பார், குனிந்தால் அவருக்கு மட்டும் நேரம் தெரியும். ரப்பர் அடி போட்ட செருப்பு. பின்னால் வந்து நிற்பது நமக்குத் தெரியாது, கழுத்தில் கொலோன் வாசனை பட்டால்தான் தெரியும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் நம் நாற்காலியின் முதுகில் ஒரு விரலால் தட்டுவார். ஒரு தட்டு, கவனி. இரண்டு தட்டு, சாயங்காலம் என்னை வந்து பார். என்னிடம் மலாயில் பேசுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குத் தவறாமல் ஒன்று சொல்வார்: "இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பெண் கிடைக்கும்வரை நீ உட்காரலாம்."

நான் தலையாட்ட மாட்டேன். "விளக்கு எரியுது மேடம்" என்று போர்டைப் பார்ப்பேன். அந்த நாற்காலியை விட்டு எழுந்து மறுபடியும் பித்தளை துடைக்கப் போவதில்லை என்று மனதில் முடிவு செய்திருந்தேன். என் முடிவை யாரும் கேட்கவில்லை, அது வேறு.

ஒரு நாற்காலிக்குப் பன்னிரண்டு ஜோடிக் கயிறு. மூன்று நாற்காலி. ஒரே நேரத்தில் முப்பத்தாறு பேச்சுக்குமேல் ஊரில் பேச முடியாது. இதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. முதலில் எண்ணியவன் ஒரு ரப்பர் வியாபாரி.

சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஊரில் வளைவு கட்ட மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு போர்டில் ஒரேயடியாக விளக்குகள் எரிந்தன. செருகினேன். "நம்பர் ப்ளீஸ்." பதில் இல்லை. இன்னொன்று, பதில் இல்லை. ஒன்றில் கோழி கொக்கரிக்கும் சத்தம், ஒன்றில் சுவர்க் கடிகாரம். ஆள் குரல் மட்டும் எதிலும் இல்லை. போன் வைக்கப்படாததால் கயிற்று விளக்கு எரியாது. விளக்கு எரியாமல் கயிற்றை இழுக்கக் கூடாது. பேசுகிறவரின் பேச்சை அறுப்பதைவிடப் பெரிய குற்றம் மேடத்தின் புத்தகத்தில் கிடையாது. பத்து நிமிஷத்தில் முப்பத்தாறு ஜோடியும் தீர்ந்தது. மேலே மற்ற விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. டாக்டர் வீடு, போலீஸ், மருத்துவச்சி எல்லாம் எரிந்தன. கையில் கயிறு இல்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்தேகாலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தானாக அடங்கின.

மறுநாளும் அதே பத்து மணி.

"உன் பாலிஷ்தான் காரணம்" என்றார் மேடம். "துளைகளுக்கு நடுவே படிந்து விளக்கைப் பொய்யாக எரிய வைக்கிறது. திங்கட்கிழமை ஒரு பெண் வருகிறாள், இங்கிலீஷ் படித்தவள். அன்றிலிருந்து நீ பழைய வேலைக்குப் போ. அதையாவது ஒழுங்காகச் செய்."

"பாலிஷ் பத்து மணிக்கு மட்டும் படியுமா மேடம்?"

இரண்டு தட்டு.

சாயங்காலம் போய் நின்றேன். விளக்கு எரிகிற வேகத்துக்கு எழுதி வைக்க எனக்கு வராது. ஆனால் பேசாத ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அன்று காலையே பாலிஷைத் தொட்டு ஒரு புள்ளி வைத்திருந்தேன். "நாளைக்கு இதே புள்ளிகள்தான் எரியும். எரியாவிட்டால் நானே துணியை எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். மறுநாள் புள்ளி வைத்தவைதான் எரிந்தன. மேடம் டெலிபோன் புத்தகத்தில் தேடினார். எல்லாம் ஒரே ரப்பர் வியாபாரியின் கிடங்குகள், அவன் மச்சான் கடைகள், அவனுக்குத் தெரிந்த கடைகள். பத்து மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து ரப்பர் விலை வரும். முன்கூட்டியே பிடித்து வைத்த லைனில் விலையைத் தான் மட்டும் தெரிந்துகொண்டு, மற்றவர்களுக்கு அது போய்ச் சேராமல் கால் மணி நேரம் ஊரையே ஊமையாக்கிவிட்டு, அதற்குள் கிராமத்துக்காரர்களிடம் பழைய விலைக்கு வாங்கிவிடுவது அவன் வேலை.

போனை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அது குற்றமா? கேட்டால், வைக்க மறந்துவிட்டேன் என்பான். போலீஸ் கையை விரித்தது.

அப்போது மேடம் ஓர் ஏற்பாடு செய்தார். அது மேடத்தின் ஏற்பாடுதான், அதை நான் மறைக்கவில்லை. மூன்று முறை கேள், பதில் இல்லையென்றால் கயிற்றை இழு, அந்தத் துளையில் ஒரு மரமுளையைச் செருகு, நண்பகல் வரை எடுக்காதே. முளை செருகினால் விளக்கும் அணைந்துவிடும். தச்சரிடம் சொல்லி ஒரு டப்பா முளை வந்தது. முதல் நாள் அருமையாக வேலை செய்தது. மேடம் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் அந்த ஆள் வேறு கடைகளின் போன்களைப் பிடித்தான். என் புள்ளிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இனி யார் பேசாவிட்டாலும் முளைதான் என்று மேடம் சொல்லிவிட்டார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பத்து மணி தாண்டி ஏழெட்டு நிமிஷம். போர்டில் இருபது முளைக்குமேல் நட்டிருந்தோம். மீனாட்சி தெங்கேரா பகுதிக் கடை ஒன்றின் துளையில் செருகி, இங்கிலீஷில் ஒரு முறை, மலாயில் இரண்டு முறை கேட்டாள். பதில் இல்லை. கயிற்றை இழுத்தாள். முளையை எடுக்க டப்பாவில் கை விட்டாள். அந்த நேரத்தில் அந்த விளக்கு மறுபடி எரிந்தது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. அவள் பார்க்கவில்லை, முளையைச் செருகிவிட்டாள்.

நான் பார்த்தேன். மேசைமேல் எடுத்துக் கிடத்திய போன் ஒரே சீராக எரியும். இது நடுங்கியது. போனை வைக்கிற கொக்கியில் யாருடைய கையோ இருக்கிறது. கை இருந்தால் ஆள் இருக்கிறது.

"மீனா, அந்த முளையை எடு."

"மூணு தரம் கேட்டாச்சு காக். பேசல."

"எடுடி."

"மேடம் பின்னால நிக்கிறாங்க."

நானே எட்டி அதைப் பிடுங்கி, என் கயிற்றைச் செருகினேன். ரிசீவரில் கண்ணாடி வளையல் உரசும் சத்தம் கேட்டது.

"தமிழாம்மா?" என்றேன்.

"ஆமாங்க." சின்னப் பெண்ணின் குரல். மூச்சு வாங்கியது.

"யாரு வேணும்?"

"அவங்க வேணும்."

"எவங்க?"

"எங்க வீட்டுக்காரவங்க. உடனே வரச் சொல்லணும்."

"நம்பர் தெரியுமா?"

"தெரியாதுங்க. பெண்டஹாரா ரோட்டுல துணிக் கடை. மளிகைக் கடைக்காரரு போனை எடுத்துக் கையில குடுத்துட்டு எங்க வீட்டுக்கு ஓடிட்டாருங்க."

"என்ன விஷயம்மா?"

"அவங்ககிட்டதான் சொல்லணும்."

ஜாலான் பெண்டஹாராவில் ஏழெட்டுத் துணிக் கடை இருந்தது. "கடை பேரு என்ன?"

"அவங்க பேருதாங்க."

"அவங்க பேரு?"

பேச்சு நின்றுவிட்டது. கொக்கியில் மறுபடி கை நடுங்கியது. கயிற்றின் சின்ன விளக்கு துடித்தது.

வேறு யாராவது இருந்திருந்தால் திட்டியிருப்பார்கள். என்னால் திட்ட முடியவில்லை. என் வீட்டுக்காரர் பெயரை நானும் சொன்னதில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆன பிறகும், இந்த மலருக்காகவும், எழுத மாட்டேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவளிடம், அவசரத்தில் போய்ச் சொல்லு சொல்லு என்றால் வாய் இன்னும் பூட்டிக்கொள்ளும்.

"சாமி பேரா?" என்றேன்.

"ஆமாங்க."

"எந்தச் சாமி?"

"மலை மேல இருக்கவருங்க."

"திருப்பதியா, பழனியா?"

"ரெண்டாவது சொன்னீங்களே, அதுங்க."

அந்தத் தெருவில் ஆறுமுகம் ஒன்று, தண்டபாணி ஒன்று, வேலாயுதம் ஒன்று. மூன்றும் துணிக் கடை. மூன்றும் அந்தச் சாமி.

"முகத்த வச்சா, கையில வச்சிருக்கறத வச்சா?"

"கையிலங்க."

"கம்பா?"

"இல்லைங்க. கூரா இருக்குமே."

முன் கயிறு ஏற்கெனவே என் கையில் இருந்தது. இருநூற்றுப் பதினாலு. தொட்டுப் பார்த்தேன், சத்தம் இல்லை. தள்ளி மணி அடித்தேன். ஆண் குரல் வந்தது. சாவியை மூட வேண்டும், ஆபரேட்டர் கேட்கக் கூடாது. நான் மூடவில்லை.

"ஏங்க, புள்ள அடுப்படியில இருந்த மண்ணெண்ணெயக் குடிச்சிட்டாங்க. கண்ணு சொருகுது."

ரிசீவர் மேசையில் விழும் சத்தமும், யாரையோ வண்டியை எடு என்று கத்தும் சத்தமும்தான் கேட்டன. நான் அந்தப் பெண்ணிடம், "விரல விட்டு வாந்தி எடுக்க வைக்காதே. தோட்டத்து டிரெஸ்ஸர் சொல்லிக் கேட்டிருக்கேன். வீட்டுக்குப் போயி மடியில நிமுத்தி உக்கார வச்சுக்கிட்டு வாசல்ல இரு, வண்டி வருது" என்றேன். "சரிங்க" என்றாள். கடையில் யாரோ ரிசீவரை எடுத்து வைத்தார்கள், இரண்டு சின்ன விளக்கும் எரிந்தன. கயிற்றை இழுத்தேன்.

கழுத்தில் கொலோன் வாசனை அடித்தது.

"அந்த முளையை எடுக்கச் சொன்னது யார்?" மேடம் தட்டவில்லை. நேராகவே கேட்டார்.

"விளக்குதான் சொல்லிச்சு மேடம். நடுங்கிச்சு."

"மூன்று முறை கேட்டுப் பதில் இல்லை. விதி என்ன?"

"இங்கிலீஷிலயும் மலாயிலயும் கேட்டா அந்தப் பொண்ணு எப்படிப் பதில் சொல்லும்? புருஷன் பேரையே சொல்லாத பொண்ணு அது. நம்ம விதிப்படி அவ புள்ள நண்பகல் வரைக்கும் காத்திருக்கணுமா?"

"ஒரு பெண்ணுக்காக ஊரை மறுபடி அவனிடம் கொடுக்கச் சொல்கிறாயா?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாய் பேசும்போது கூடவே வந்தது.

"கயித்தக் குடுக்க வேணாம் மேடம். முளையும் வேணாம். செருகி, கொக்கிய ரெண்டு தரம் தட்டுங்கன்னு மூணு பாஷையிலயும் ஒரே ஒரு தரம் சொல்லிட்டு, அப்பவே கயித்த இழுத்துடுவோம். துளையில விளக்கு எரியட்டும், அதால நமக்கு நஷ்டமில்ல. ஆள் இருந்தா தட்டும், விளக்கு சிமிட்டும். சிமிட்டுற விளக்குக்கு மட்டும் திரும்பப் போவோம். சும்மா எடுத்து வச்சவனுக்குத் தட்ட ஆள் கிடையாது."

"நீ துடைக்க வந்தவள்" என்றார் மேடம். கோபமில்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆமா மேடம். அதனாலதான் எந்த விளக்கு எப்படி எரியும்னு எனக்குத் தெரியுது."

சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே போர்டில் இருந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். மீனாட்சி வாயில் கை வைத்துக்கொண்டாள். இருபதுக்குமேல் விளக்குகள் ஒன்றாக எரிந்தன. ஒரே கயிற்றை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனேன். செருகு, "டேப் ட்வைஸ் ப்ளீஸ், கெத்தோக் டுவா காலி, ரெண்டு தரம் தட்டுங்க", இழு. அடுத்தது. இங்கிலீஷ் சரியோ தப்போ, அது மீனாட்சி சொல்லித் தந்தது. கடைசித் துளைக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். மேடமும் பார்த்தார். எல்லா விளக்கும் கல் மாதிரி எரிந்தன. இரண்டு மட்டும் சிமிட்டின.

ஒன்றில் காது மந்தமான மலாய்ப் பெரியவர். கால் மணி நேரமாகத் தட்டியும் ஹலோ சொல்ல ஆளில்லை என்று திட்டினார். இன்னொன்றில் தொண்டை கட்டிய ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், காற்றாக வந்த குரலில் டாக்டர் நம்பரைக் கேட்டார். இரண்டு பேரையும் நாங்கள் அந்த வியாபாரியின் ஆள் என்று நினைத்து முளை அடித்து வைத்திருந்தோம்.

மேடம் மார்புக் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். "நாளைக்கும் இப்படிச் செய்து பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை விதிப் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் பெயர்தான் இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மலரில் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு விளக்குகள் எரிந்தன, எரிந்துகொண்டே கிடந்தன. ஊர் தன் பாட்டுக்குப் பேசியது. வியாபாரி விடவில்லை, சில இடங்களில் தட்டுவதற்கு ஆள் வைத்துப் பார்த்தான். தட்டினால் நாங்கள் போவோம், போனால் நம்பர் கேட்போம், நம்பர் சொன்னால் இணைப்போம். ஒருவன் வாய்க்கு வந்த நம்பரை உளறினான். அது போலீஸ் ஸ்டேஷன். "யார் பேசுறது?" என்று அந்தப் பக்கம் கேட்டதும் இவன் போனை வைத்த வேகத்தில் என் காது அடைத்துப்போயிற்று. முப்பது கடையில் முப்பது ஆளை வேலை கெடுத்து நிறுத்தி வைத்தால் ரப்பரை யார் எடை போடுவது? இரண்டாம் நாளோடு நின்றுவிட்டது. மகேஸ்வரியிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் போட்ட ஒட்டும் ஏறக்குறைய இதுதான் என்றாள். வந்தவனுக்கு உடனே இடம் கொடுக்காமல் ஓர் அடையாளத்தைச் சொல்லி அனுப்பி, அந்த அடையாளத்தோடு திரும்பி வருகிறவனுக்கு மட்டும் இடமாம். மூன்று நாள் தூங்காமல் செய்தார்களாம். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

பிள்ளை பிழைத்தான். சனிக்கிழமை அந்தப் பெண்ணே போன் செய்து சொன்னாள். இம்முறை எடுத்தவுடன், "இருநூத்துப் பதினாலு குடுங்கக்கா" என்றாள். நம்பரைச் சொன்னால் யார் ஆயுசும் குறையாது. அன்றிலிருந்து போர்டில் தயங்குகிற எல்லாத் தமிழ்ப் பெண்களிடமும், "பேர விடு, நம்பரச் சொல்லு" என்றுதான் சொல்லி வந்தேன்.

திங்கட்கிழமை வந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் வந்தாள். மடிப்புக் கலையாத பாவாடை, புதுச் செருப்பு. மேடம் அவளைக் கூட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சொன்ன வார்த்தையை மாற்றாதவர் அவர்.

"அஞ்சலை, எழுந்திரு. இவள் உட்காரட்டும்."

"விளக்கு எரியுது மேடம். எடுத்துட்டு எந்திரிக்கிறேன்."

எடுத்தேன், இணைத்தேன். இன்னொன்று எரிந்தது. அதையும் எடுத்தேன். சுதந்திரத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஊரில் எல்லோருக்கும் எல்லோரிடமும் பேச ஏதோ இருந்தது. பத்தர் குப்புசாமியைக் கேட்டார். மருத்துவச்சி தெங்கேராவில் ஒரு வீட்டைக் கேட்டாள். ஒரு விளக்கு பேசவில்லை. தட்டச் சொல்லி இழுத்தேன், சிமிட்டியது, திரும்பப் போனேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மேடம் இரண்டாம் முறை சொல்லவில்லை, தட்டவும் இல்லை. நாற்காலியின் முதுகில் அவர் கை இருந்தது மட்டும் தெரிந்தது. கால் மணி நேரம் இருந்திருக்கும். புதுப் பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

பிறகு கை எடுபட்டது.

"மீனாட்சி" என்றார் மேடம், "உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வா."